நாலாவது பேய்

அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம் தம்பி. மூடியே இருக்கட்டும். பேட்டி வேண்டும் என்றீர்கள், தருகிறேன். எத்தனையோ பேருக்குத் தந்தவன்தான். படத்தைப் போட்டுக் காட்டுகிறேன் என்றீர்களே, அது மட்டும் வேண்டாம். கம்ப்யூட்டரைத் தூக்கி அந்த நாற்காலியில் வையுங்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி. ஆமாம், அப்படி.

பயமா? எனக்கா? இராக்கியப்பன் பயந்தான் என்று இந்த ஊரில் ஒருத்தன் சொல்லட்டும் பார்க்கலாம். குதிரைப் போலீஸ் மில் வாசலில் வரிசை கட்டி நின்றபோது, எல்லோரும் பின்னால் போனார்கள், நான் முன்னால் போனேன். ஒரு குதிரையின் மூச்சு என் நெற்றியில் பட்டது. அப்போதும் நான் நகரவில்லை.

காரில் உட்கார்ந்திருப்பது யார்? டிரைவரா? நீங்களேதான் ஓட்டி வந்தீர்களா? அப்படியானால் முன்சீட்டில் யாரோ இருக்கிறார்களே. பெரியவரா? உள்ளே வந்து உட்காரச் சொல்லுங்கள், வெயில் கொளுத்துகிறது. வர மாட்டேன் என்கிறாரா? சரி, அவர் இஷ்டம். கண்ணாடியில் வெயில் அடிப்பதால் முகம் தெரியவில்லை. ஆனால் காரைத் தூணை ஒட்டி நிறுத்திவிட்டீர்களே தம்பி. நாளைக்கு நினைவு நாள். தோரணம் கட்ட ஆள் வருவார்கள், அதற்குள் எடுத்துவிடுங்கள்.

அதுதான் அந்தத் தூண். தியாகி வெள்ளிங்கிரி நினைவுத் தூண். நீங்கள் கொண்டுவந்திருக்கிற அந்தப் பழைய படத்தில் பார்த்திருப்பீர்கள்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனது குறைச்சல். எழுத்தைச் சொல்லிக் கொடுத்தது நோட்டீஸ். மில் கேட்டில் காலணா கொடுக்காமல் கிடைத்த துண்டறிக்கைகள். ‘உழைப்பவன் வாழ்வில் ஒளி எங்கே?’ அதுதான் நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்த வரி. பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். நான் எழுதிய நோட்டீஸைப் படித்துவிட்டு அழாதவன் தொழிலாளியே இல்லை என்று பேர். கடவுள் இல்லை, பேய் இல்லை, பிசாசு இல்லை. சுடுகாட்டில் அமாவாசை அன்று பந்தி போட்டு பிரியாணி தின்று காட்டினோம். ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றால் பேயோட்டுகிற சாட்டைக்காரன் போவதற்குள் நான் போய் நிற்பேன். “பேயாவது ஒன்றாவது, இந்தப் பிள்ளைக்கு ரத்தசோகை, ஈரல் வாங்கிக் கொடுங்கள்” என்பேன். இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டு, கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்கக் கூடாது.

வெள்ளிங்கிரி என்னுடைய ஆள். நூற்புப் பகுதியில் வேலை. அங்கே என்ன வேலை என்றால், நூல் சுற்றும் கதிர்கள் ஓடிக்கொண்டே இருக்கும், இழை அறுந்துகொண்டே இருக்கும், அறுந்ததைப் பிடித்து விரலில் முறுக்கி ஒட்டிக்கொண்டே நடக்க வேண்டும். எல்லோரும் வலது கையில் ஒட்டுவார்கள். அவன் இடது கை. பிறவியிலேயே அப்படி. மேஸ்திரி திட்டித் திட்டிப் பார்த்தான், மாறவில்லை. வேலை இல்லாதபோதும் அந்தக் கை சும்மா இருக்காது. டீக்கடையில் நிற்பான், கட்டைவிரலும் சுட்டுவிரலும் இழை முறுக்கிக்கொண்டிருக்கும். என் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து பேச்சைக் கேட்பான், விரல் முறுக்கிக்கொண்டிருக்கும். “டேய் வெள்ளிங்கிரி, காத்துல நூல் ஓட்டறயா?” என்று கிண்டல் செய்வோம். தோளைக் குலுக்கி மூக்கால் ஒரு சிரிப்புச் சிரிப்பான். சாது. கொடி பிடி என்றால் பிடிப்பான், வாழ்க என்றால் வாழ்க, ஒழிக என்றால் ஒழிக. தலைவனுக்கு அப்படிப்பட்ட தொண்டன் கிடைப்பது அபூர்வம்.

கதவடைப்புக் காலம். மில்லைப் பூட்டிவிட்டார்கள். ஜனங்கள் கஞ்சிக்கு இல்லாமல் சோர்ந்து போய்விட்டார்கள். கேட் கூட்டத்துக்குப் பாதிப்பேர்கூட வருவதில்லை. போராட்டம் என்றால் ஒரு கட்டத்தில் ஒரு பொறி வேண்டும் தம்பி. நான் யோசித்தேன். இரவெல்லாம் உட்கார்ந்து நோட்டீஸ் எழுதினேன். ‘தோழர் வெள்ளிங்கிரி சாகும்வரை உண்ணாவிரதம்! இதோ ஒரு ஏழையின் எலும்புக்கூடு முதலாளியின் கதவைத் தட்டப்போகிறது!’ எப்படி? இன்றைக்கும் யாராவது இப்படி எழுதட்டும்.

நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் ஒட்டியாயிற்று. காலையில் அவன் என் வீட்டுக்கு வந்து நின்றான்.

“ஏனுங்ணா, என்ற பேரு போட்டிருக்குதாமா?”

“ஆமாடா. சரித்திரத்துல நிக்கப்போற.”

“என்னைய ஒரு வார்த்தை கேக்கலீங்களேணா.”

“தாய்கிட்ட பால் குடிக்கறதுக்கு முந்தி கேக்கறமாடா?”

“அதில்லீங்ணா. எனக்கு வவுத்துப்புண்ணுங்க. ஒரு நேரம் சாப்பாடு தப்புனாலே சுருண்டு படுத்துக்குவனுங்க. சாகும்வரைன்னா... நெசமாலுமே சாகும்வரைங்களா?”

“போராட்டத்துல போய் நெசம் பொய்னு என்னடா கேள்வி?” என்றேன். “நாளைக்குக் காத்தால பத்து மணிக்குப் பந்தலுக்கு வந்திரு. வெள்ளை வேட்டி கட்டிக்க.”

அவன் தலையாட்டினான். தலையாட்டிவிட்டுத்தான் போனான். கை முறுக்கிக்கொண்டே போனது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் அவன் வரவில்லை. வாய்க்கால் கரையில் அவன் சைக்கிளும் சட்டையும் கிடந்தன. ஆளைக் காணோம்.

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. நிர்வாகத்தின் அடியாட்கள். உண்ணாவிரதம் தொடங்கினால் நாடே திரும்பிப் பார்க்கும் என்று பயந்து தீர்த்துக்கட்டிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் நோட்டீஸ் தயார். சாயங்காலம் ஊரே மில் வாசலில். கஞ்சிக்கு இல்லாமல் சோர்ந்து கிடந்த ஜனமா அது? சிங்கங்கள்! அவனைத் திட்டிக்கொண்டிருந்த அந்த மேஸ்திரியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ரொம்ப நாள் உள்ளே இருந்தான். உடல் கிடைக்கவில்லை என்று சொல்லி விட்டுவிட்டார்கள். வெளியே வந்தவன் செத்துப்போகிறவரைக்கும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. குற்றம் செய்தவன் எந்த முகத்தோடு பேசுவான்?

கதவு திறந்தது. போனஸ் வந்தது. வாழ்நாளில் நான் முழுசாக ஜெயித்த ஒரே போராட்டம் அதுதான். அந்த வெற்றியில் எழும்பியது இந்தத் தூண்.

காரில் இருப்பவர் கதவுக் கண்ணாடியை இறக்கிவிட்டார் போலிருக்கிறது. புழுக்கமாக இருக்கும். கூப்பிடுங்கள் தம்பி, பிடிவாதம் பிடிக்கிறாரே.

வெள்ளிங்கிரியின் மனைவி மாராத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீராங்கனை. கணவன் போன செய்தி கேட்டு மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் அழவில்லை. தாலியைக் கழற்ற மாட்டேன், பொட்டை அழிக்க மாட்டேன், வளையலை உடைக்க மாட்டேன் என்றுவிட்டாள். கிழவிகள் கூடிக் கரித்துக் கொட்டினார்கள். நான் மேடையிலேயே அறிவித்தேன். “பாருங்கள், பகுத்தறிவுப் பெண்மணியை! விதவைக் கோலம் என்னும் மூடத்தனத்தைக் காலால் எட்டி உதைத்த சிங்கத்தை!” எத்தனை மேடையில் இதைச் சொல்லியிருப்பேன். அவள் பொட்டும் பூவுமாக, தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

ஒரே ஒரு குறை. வருஷா வருஷம் தைமாசம் பம்பாய்ப் பக்கம் பிவண்டிக்குப் போய்விடுவாள். அங்கே தங்கை வீடு, துணி மில்லில் வேலை செய்கிற குடும்பம். போனால் ஒரு மாதம். “கட்சி வேலை கிடக்குது, தங்கச்சி தங்கச்சின்னு ஓடறியே” என்று கடிந்துகொள்வேன். “என்ன பண்றதுங்ணா, பாசம் இழுக்குதுங்க” என்பாள்.

அவன் போய் இரண்டு வருஷம் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊர் வாய் எப்படி இருக்கும், நீங்களே நினைத்துப் பாருங்கள். நான் விடுவேனா? பொதுக்கூட்டம் போட்டேன். “பெண்ணின் வாழ்வு பெண்ணுக்குச் சொந்தம்! கைம்பெண் என்றால் அவளுக்கு மனசு இல்லையா? குழந்தைக்குத் தகப்பன் யார் என்று கேட்கும் நாக்கை அடக்குங்கள்! இந்த இயக்கமே அதற்குத் தகப்பன்!” என்று முழங்கினேன். புரட்சிச்செல்வி என்று அந்த மேடையிலேயே பெயர் வைத்தேன். மாராத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவள் அழுவதைப் பார்த்துக் கூட்டமே கலங்கிவிட்டது. அந்தக் குழந்தையும் இடதுகைக்காரி. அதை வைத்துக்கூடப் பேசினார்கள், அற்பர்கள். ஊரில் இடதுகைக்காரர்களே இல்லையா?

சரி. நீங்கள் கொண்டுவந்த படத்துக்கு வருகிறேன். வரத்தான் வேண்டும்.

வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து வீட்டில் கேசட் போட்டுப் படம் பார்க்கிற காலம் அது. சம்மனசு என்று ஒருவன் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான், கேசட் கடையும் வைத்திருந்தான். பேய்ப்படம், சண்டைப்படம், சிரிப்புப்படம், மூன்றுக்கும் தனித்தனி அலமாரி. இவனுக்கு ஒருநாள் யோசனை வந்துவிட்டது, மூன்றையும் கலந்து ஒரே படமாகத் தானே எடுத்தால் என்ன என்று. கல்யாணத்துக்கு எடுக்கிற கேமராதான். நம் ஊர் ஆட்கள்தான். ‘மூணாம் ஷிப்டு மோகினி’. தியேட்டருக்கே போகாது, நேரே கேசட்தான்.

கதை என்னவென்று உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறீர்கள். மில்லில் ராத்திரி ஷிப்டில் ஒரு மோகினி. கராத்தே தெரிந்த கதாநாயகன். மோகினியைக் கண்டு வேட்டி அவிழ்ந்து ஓடுகிற சமையல்காரன். கடைசியில் செத்துப்போன தொழிலாளிகள் எல்லாம் பேயாக எழுந்து வந்து முதலாளியைத் துரத்துகிறார்கள். “கூலி கொடு! கூலி கொடு!” என்று கத்திக்கொண்டு துரத்துகிறார்கள். வசனம் நன்றாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். என் நோட்டீஸிலிருந்து திருடியது.

என்னிடம் வந்து கேட்டான் சம்மனசு. “தலைவரே, கல்லறை மாதிரி ஒரு இடம் வேணும். தூணைச் சுத்திப் பேயெல்லாம் ஓடுற மாதிரி ஒரு ஷாட்.” நான் விரட்டி அடித்தேன். தியாகியின் தூண் என்ன சினிமா செட்டா? அவன் என்ன செய்தான், நான் மாநாட்டுக்கு வெளியூர் போன சமயம் பார்த்து எடுத்துவிட்டான்.

கேசட் வெளியே வந்தது. தூணை அவமதித்துவிட்டானா என்று பார்த்துவிடலாம் என்று சங்க அலுவலகத்தில் டெக் வைத்துப் போடச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளிச்சம் வரக்கூடாது என்று ஜன்னலில் பழைய சிவப்புப் பேனர்களைத் தொங்கவிட்டார்கள். அறையே சிவப்பாக இருந்தது. தோழர்கள் எல்லாம் பாயில். மாராத்தாள்கூட ஓரமாகக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படம் ஓட ஓட ஒரே சிரிப்பு. நானும் ஓரிரு இடத்தில் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

கடைசிக் காட்சி. பேய்கள் வருகின்றன. முகத்தில் மைதா மாவு, கண்ணைச் சுற்றிக் கரி. முதலாளி ஓடுகிறான். தூணைச் சுற்றுகிறான். முதல் பேய், இரண்டாவது பேய், மூன்றாவது பேய்.

நாலாவது பேய் ஓடவில்லை தம்பி.

நாலாவது பேய் தூணுக்கு முன்னால் நின்றது. மற்றதெல்லாம் கத்திக்கொண்டு ஓடுகின்றன, இது நிற்கிறது. கல்லில் வெட்டியிருந்த பெயரை அண்ணாந்து பார்த்தது. விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவியது. இடது கை. பிறகு, கேமரா பக்கம் திரும்பி, தோளைக் குலுக்கி மூக்கால் ஒரு சிரிப்பு. கை கீழே வந்தது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் முறுக்க ஆரம்பித்தன. இழை ஒட்டின. இல்லாத இழையை ஒட்டின.

“நிறுத்து!” என்று கத்தினேன். டெக்கில் ஒரு பொத்தான் உண்டே, அமுக்கினால் படம் அப்படியே நிற்கும். நிற்கும் என்றால் சும்மா நிற்காது, நடுங்கிக்கொண்டு நிற்கும். குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும். அந்த மாவு பூசிய முகம் நடுங்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தது. சிவப்பு அறையில், செத்துப்போனவன், தன் பெயரைத் தானே படித்துவிட்டுச் சிரித்தான். அவன் செத்ததற்கு அப்புறம் கட்டிய தூண் தம்பி அது! அதன் முன்னால் அவன் எப்படி நிற்பான்? எப்படி?

திரும்பிப் பார்த்தேன். தோழர்கள், “என்னாச்சு தலைவரே?” என்றார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, அவர்கள் கண்ணுக்கு வெறும் மாவு. மாராத்தாளைப் பார்த்தேன். அவள் குழந்தையின் முகத்தைத் திரையின் பக்கம் திருப்பி, காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

நேரே சம்மனசிடம் போனேன்.

“யாருடா அந்த நாலாவது பேய்?”

“யாருக்குத் தெரியும் தலைவரே? ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாடுன்னு சொன்னேன், வந்தாங்க. மாவு பூசினேன், ஓடவிட்டேன்.”

“பேரு?”

“பேய்க்கு எதுக்கு பேரு?” என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். “ஒரு விசயம் இருக்கு தலைவரே. அந்த ஆளுக்கு நான் மாவு பூசல. வரும்போதே பூசிக்கிட்டு வந்தாரு. போகும்போதும் கழுவல. அப்படியே இருட்டுக்குள்ள நடந்து போயிட்டாரு.”

கேட்டீர்களா? வரும்போதே அந்த முகம். போகும்போதும் அந்த முகம். எனக்கு முதுகுத்தண்டில் ஈரத்துணியைப் போட்ட மாதிரி இருந்தது.

“சாப்பிட்டானா?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“எல்லாருக்கும் புரோட்டா. அவரு மட்டும் வேண்டாம்னுட்டாரு. வயித்துக்கு ஆகாதுன்னு டீயும் பன்னும் வாங்கி, தொட்டுத் தொட்டுத் தின்னாரு.”

இந்த ஒரு விஷயம்தான் தம்பி எனக்கு இன்று வரைக்கும் இடிக்கிறது. பேய்க்கு எதற்கு வயிறு ஆகாமல் போக வேண்டும்? எத்தனையோ யோசித்துப் பார்த்துவிட்டேன். செத்த பிறகும் உபாதை விடாது போலிருக்கிறது, அவ்வளவுதான் தோன்றுகிறது.

மாராத்தாளிடமும் கேட்டேன். சுற்றி வளைக்காமல், “படத்துல யாரையாவது பாத்தியா?” என்றேன்.

“பாத்தனுங்க.”

“யாரை?”

“நீங்க யாரைப் பாத்தீங்களோ அவரத்தாங்ணா.”

“செத்தவன் எப்படி மாராத்தா வருவான்?”

“அதென்னமோங்க. வருசா வருசம் வாழ்க வாழ்கன்னு அத்தனை பேரைக் கூட்டிக் கத்தறீங்களே. அது கேட்டிருக்குமுங்க” என்றாள். சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். எத்தனை துணிச்சல் பாருங்கள்! பேயைப் பார்த்துவிட்டு அரிசி புடைக்கிறாள்! அப்போதுதான் நினைத்தேன், இவளுக்குத் துக்கத்தில் மூளை கொஞ்சம் கலங்கியிருக்கிறது என்று.

அடுத்த வாரம் கறுப்புக்கொடி ஊர்வலம். ‘மூடநம்பிக்கைப் படத்தைத் தடை செய்! தியாகியை அவமதித்த வீடியோவைக் கொளுத்து!’ கொள்கைதான் தம்பி, வேறொன்றுமில்லை. அந்த நாலாவது பேய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கடைகடையாகப் போய், வீடுவீடாகப் போய், இருந்த கேசட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தோம். தூணுக்கு முன்னால் குவித்துக் கொளுத்தினோம். கேசட் எரிந்து பார்த்திருக்கிறீர்களா? பிளாஸ்டிக் உருகி உள்ளே இருக்கிற நாடா சுருண்டு சுருண்டு வெளியே வரும். தலைமுடி மாதிரி. புகை கறுப்பாக எழுந்து தூணைச் சுற்றிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் புகைக்குள் பார்க்கவே இல்லை. சம்மனசு கடையை மூடிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டான். போகும்போது, “தலைவரே, அதுல ஒரு காப்பி அந்த நாலாவது ஆளு வாங்கிட்டுப் போயிட்டாரு. முன்கூட்டியே சொல்லி வச்சிருந்தாரு” என்றான். வயிற்றெரிச்சலில் என்னைப் பயமுறுத்தச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து நான் நிம்மதியாக இல்லை தம்பி. உங்களிடம் சொல்வதற்கு என்ன. இந்த வீட்டில் மைதா வாங்குவதில்லை. புரோட்டாக் கடையில் மாஸ்டர் மாவுக் கையோடு நிமிர்ந்து பார்த்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். டிவி வாங்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் தூணுக்கு முன்னால் நின்று, “தியாகி வெள்ளிங்கிரி” என்று குரல் கொடுப்பேன், கூட்டம், “வாழ்க” என்று சொல்லும். அந்த வாழ்க வருவதற்குள் கண்ணை மூடிக்கொள்வேன். கண் திறந்தால் தூணுக்குப் பின்னாலிருந்து அவன் எட்டிப் பார்ப்பானோ என்று. உணர்ச்சிப் பெருக்கில் தலைவர் கண்ணை மூடுகிறார் என்று பத்திரிகையில்கூட எழுதினார்கள்.

இப்போது என்ன மிச்சம், சொல்லுங்கள். மில் போய்விட்டது, அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். சங்கம் போய்விட்டது. கட்சி என்னை ஓரங்கட்டிவிட்டது, என்னைவிட இளையவனெல்லாம் மேடையில் நடுநாற்காலியில். நான் எழுதிய நோட்டீஸ் ஒன்றுகூட யாரிடமும் இல்லை. மாராத்தாளும் மகளோடு பிவண்டிக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள், போன ஆடியில் அங்கேயே காலமாகிவிட்டாள் என்று தகவல் வந்தது. இந்தத் தூண் ஒன்றுதான் தம்பி நான் இருந்தேன் என்பதற்குச் சாட்சி. நாளைக்கு ஆறேழு பேர் வருவார்கள். வந்தாலும் வராவிட்டாலும் கொடி ஏறும். வெள்ளிங்கிரி செத்தான் என்பதால்தான் நான் வாழ்ந்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அரசியலாகச் சொல்கிறேன்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? டிவிடித் தட்டு போட்டு விற்கப்போகிறீர்கள். பழைய பேய்ப்படம், சண்டைப்படமெல்லாம் தேடிப் பிடித்துத் துடைத்துத் தட்டு போடுவதுதான் உங்கள் தொழில். சென்னையில் ஒரு அரங்கத்தில் இதைப் போட்டீர்கள், பிள்ளைகள் விசில் அடித்தார்கள். சிரித்தார்களா, பயந்தார்களா? இரண்டுமா? அந்த நாலாவது பேய் வரும்போது? கைதட்டினார்களா? அது யார் என்று கேட்டார்களா?

படத்தில் ஓடிய கோடெல்லாம் எடுத்துவிட்டீர்களா? மாவுக்குள் இருக்கிற முகம்கூடத் தெரிகிறதா? அப்படியென்றால் ஊரில் எவனாவது பழையவன் பார்த்தால்...

இருங்கள். நான் ஒன்று கேட்க மறந்துவிட்டேன். கேசட் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டோம். உங்களுக்கு எங்கே கிடைத்தது?

பிவண்டியா?

பிவண்டி. மாராத்தாளின் தங்கை ஊர். உலகம் சின்னதுதான். யாரோ ஒரு பெரியவர் பெட்டியில் வைத்திருந்தாரா? ஏன் வைத்திருந்தாராம்? தான் நடித்தது என்றா?

வேண்டாம். பேர் சொல்லாதீர்கள். சொல்லாதீர்கள் என்கிறேன்! அது என்ன, “அவரே சொல்லட்டும் ஐயா” என்று வெளியே கையைக் காட்டுகிறீர்கள்? வெளியே உங்கள் கார்தான் நிற்கிறது.

காருக்குள் நிழல் விழுந்துவிட்டது. கண்ணாடி இறங்கியிருக்கிறது. கை வெளியே தொங்குகிறது. இடது கை.

தம்பி, அந்தக் கை என்ன செய்கிறது? எனக்குக் கண் சரியில்லை, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். சும்மா இருக்கிறதா? விரல் அசைகிறதா? கட்டைவிரலும் சுட்டுவிரலுமா?

நாளைக்குக் கொடியேற்றத்தைப் பார்க்க வேண்டுமாமா? கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாராமா? மாராத்தாள் சாகும்போது சொன்னாளாமா, ஒரு தடவை போய் இராக்கியப்பன் அண்ணனைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று?

இல்லை. கேளுங்கள் தம்பி. உங்கள் கருவியை எடுத்துப் பதிவு செய்யுங்கள், இதுதான் என் பேட்டி. பேய் இல்லை என்று எத்தனையோ மேடையில் முழங்கியவன் இந்த இராக்கியப்பன். இன்றைக்கு என் வாயால் சொல்கிறேன். பேய் உண்டு. நிச்சயமாக உண்டு. உங்கள் காரில் உட்கார்ந்திருக்கிறது. அது பேய்தான். பேயாகத்தான் இருந்தாக வேண்டும். அதை இங்கே இறக்கிவிடாதீர்கள். எங்கிருந்து கூட்டி வந்தீர்களோ அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள். உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். போங்கள், கதவைச் சாத்திக்கொண்டு போங்கள்.

தம்பி. ஒரு நிமிஷம்.

காலையிலிருந்து அது ஏதாவது சாப்பிட்டதா? திருப்பத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. புரோட்டா வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். டீயும் பன்னும் வாங்கிக் கொடுங்கள். தொட்டுத் தின்னும். ஒரு நேரம் தப்பினாலும் தாங்காது அதற்கு.